எங்க ஊரு ஓட்டு யாருக்கு? தர்மபுரி பக்கத்துச் சின்ன ஊரைப் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரன். ஊருன்னா நடு ஊரு, தலித் சனம் இருக்கற காலனி, அப்புறம் காட்டுக்குள்ள நாலஞ்சு கொட்டாய், எல்லாம் சேத்து ஒரே பூத். ரெண்டு தேர்தல்ல பூத் ஏஜென்ட்டா உக்காந்திருக்கேன், எந்தக் கட்சிக்குன்னு இங்க சொல்லல, சொன்னா மீதி எல்லாத்தையும் அந்தக் கண்ணோடதான் படிப்பீங்க. பெங்களூர்ல வேலை பாக்கற இடத்துல, சென்னைல சொந்தக்காரங்க வீட்ல, தேர்தல் வந்தாலே ஆளாளுக்கு எங்க ஊரைப் பத்திக் கேக்கறாங்க, பாதிப் பேர் கேக்கும்போதே பதிலையும் கைல வச்சிருக்காங்க. 2024 பார்லிமென்ட் தேர்தல் வரைக்கும் நடந்தத வச்சு எனக்குத் தெரிஞ்சத எழுதறேன். ஊர் பேரும் பூத் நம்பரும் போடல, ஏன்னு கீழ ஒரு பதில்ல இருக்கு.

சுருக்கமா சொல்லுங்க, உங்க ஊரு எந்தக் கட்சி ஊரு?

எந்தக் கட்சி ஊரும் இல்ல. டீக்கடைல கேட்டா மூணு பதில் வரும், ஒருத்தர் மாம்பழம்பார், ஒருத்தர் சூரியன்பார், ஒருத்தர் இலைம்பார், மூணு பேரும் பொய் சொல்லல, அவங்கவங்க மனசுல நின்ன தேர்தல வச்சுச் சொல்றாங்க. எங்க பக்கம் கட்சிப் பேரை விட சின்னம்தான் வாயில மொதல்ல வரும்.

பென்னாகரம் சட்டசபைத் தொகுதிய மட்டும் எடுத்துக்கங்க. 2006-ல திமுக பெரியண்ணன். அவர் இறந்ததால 2010 மார்ச்ல இடைத்தேர்தல் வந்துச்சு, அவர் மகன் இன்பசேகரன் திமுகவுல நின்னு ஜெயிச்சார், பாமக தனியா நின்னு ரெண்டாவது இடம், அதிமுக மூணாவது போய் டெபாசிட்டையே விட்டுச்சு. அடுத்த வருஷமே 2011-ல சிபிஐ, அதாவது இந்திய கம்யூனிஸ்ட் கட்சி நஞ்சப்பன் ஜெயிக்கறார், அதிமுக கூட்டணில. 2016-ல பாமகவோட முதல்வர் வேட்பாளரா அன்புமணி நின்னது இங்கதான், ஆனா ஜெயிச்சது மறுபடி இன்பசேகரன். 2021-ல பாமக ஜி.கே.மணி. பதினஞ்சு வருஷத்துல அஞ்சு தேர்தல், மூணு கட்சி. இதுக்கப்புறமும் யாராவது மைக்கப் பிடிச்சு இது எங்க கோட்டைன்னு பேசினா எனக்கு நெஜமாவே கோவம் வருது, வெயில்ல நின்னு யோசிச்சு ஓட்டுப் போட்ட சனத்தை யாரோ பட்டா போட்டு வச்ச மாதிரி பேசறாங்க.

ஆனா தர்மபுரின்னாலே பாமக கோட்டைன்னுதான டிவில சொல்றாங்க?

பாமகவுக்கு இங்க இருக்கற வேர் பொய்யில்ல. 1987 செப்டம்பர்ல வன்னியருக்கு ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியல், அதுல 21 பேர் உயிர் போனது, அப்புறம் 1989-ல மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது, அதே வருஷம் ஜூலைல பாமக ஆரம்பிச்சது, இதெல்லாம் எங்க பெரியப்பா வயசு ஆளுங்களுக்குப் பாடப்புத்தகத்துல படிச்ச விஷயம் இல்ல, அவங்களே ரோட்ல உக்காந்தது. தன் வீட்ல மொதல் ஆளு காலேஜ் போனது அந்த ஒதுக்கீட்டாலதான்னு நெனைக்கற குடும்பங்க இங்க நெறைய. அந்த நன்றிய வெறும் சாதி வெறின்னு ஒத்த வார்த்தைல அடிச்சுட்டுப் போறது நியாயமில்ல.

அதே சமயம் எண்ணிக்கையப் பாருங்க. தர்மபுரி பார்லிமென்ட் தொகுதில பாமக 1998, 1999, 2004 மூணு தடவை தொடர்ந்து ஜெயிச்சுது, மொத தடவை அதிமுக கூட, ரெண்டாவது திமுக பிஜேபி கூட, மூணாவது திமுக காங்கிரஸ் கூட. அப்ப சொந்த ஓட்டோட கூட்டணி ஓட்டும் சேந்துதான் ஜெயிச்சுது. 2009-ல அதிமுக கூட நின்னு திமுககிட்ட தோத்துச்சு. 2014-ல அன்புமணி ஜெயிச்சார், தமிழ்நாட்டுல அதிமுக 37 எடம் அள்ளுன அந்த வருஷத்துல அவங்க விட்ட ரெண்டு தொகுதில ஒண்ணு கன்னியாகுமரி, இன்னொண்ணு எங்களுது. 2019-ல அதே அன்புமணி திமுக செந்தில்குமார்கிட்ட 70,000 ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல தோத்தார். 2024-ல சௌமியா அன்புமணி நின்னு திமுக மணிகிட்ட 21,300 ஓட்டுல தோத்தாங்க, ஓட்டு எண்ணின அன்னைக்கு காலைல முன்னாடி போயிட்டு இருந்தது அவங்கதான். எங்க ஊர்ல பட்டாசு வாங்கி வச்சு வெடிக்காமலே உள்ள கொண்டுபோய் வச்ச வீடும் இருக்கு, மத்தியானத்துக்கு மேல ஓடிப்போய் பட்டாசு வாங்கிட்டு வந்த வீடும் இருக்கு, ரெண்டும் ஒரே தெரு.

சாதி பாத்துதான ஓட்டுப் போடறீங்க?

சாதி இருக்கு. இல்லன்னு எழுதினா நான் உங்களை ஏமாத்தறேன்னு அர்த்தம். யாரு யாரு வீட்டுத் திண்ணைல உக்காரலாம்ங்கறதுல இருந்து யாரு ஓட்டு கேட்டு எந்தத் தெருவுக்குள்ள வரலாம்ங்கறது வரைக்கும் சாதி இருக்கு. ஆனா வெளிய இருந்து கேக்கறவங்க நெனைக்கற மாதிரி சாதித் தலைவர் கை காட்டினா ஊரே போய் ஒரு பட்டனை அமுக்கிட்டு வருதுங்கறது இல்ல. ஏன்னா எங்க பக்கம் பெரிய கட்சிங்க எல்லாமே பெரும்பாலும் வன்னியர் வேட்பாளரைத்தான் நிறுத்தறாங்க, மூணு பேரும் ஒரே சாதின்னா சாதிய வச்சு எவரைத் தேர்ந்தெடுப்பீங்க? அங்க வேற கணக்கெல்லாம் ஆரம்பிக்குது. யாரு பங்காளி, யாரு மாமன் மச்சான் முறை, போன வருஷம் எழவுக்கு யாரு வந்தாங்க, ஆஸ்பத்திரில பெட் கிடைக்காம நின்னப்போ யாரு போன் பண்ணிச் சொன்னாங்க, சொசைட்டி கடன் தள்ளுபடில யாரு பேரு விட்டுப்போச்சு. இதுல எழவுக்கு வர்றதுங்கறது ரொம்பப் பெருசு, கல்யாணத்துக்கு வராட்டி கூட மன்னிச்சுருவாங்க.

காலனி பத்தி தனியா சொல்லணும். 2012 நவம்பர் 7-ஆம் தேதி நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர்னு மூணு காலனில இருநூறுக்கு மேல வீடுங்களை எரிச்சாங்க. எங்க ஊர்ல அன்னைக்கு ஒண்ணும் நடக்கல, ஆனா அந்த ராத்திரி எங்க காலனில யாரும் தூங்கல, ஆடு மாட்டை அவுத்து விட்டுட்டு வெளியவே உக்காந்திருந்தாங்க. என்கூட பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவன் அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என்கிட்ட சரியாப் பேசல, நானும் என்ன பேசறதுன்னு தெரியாம விட்டுட்டேன், இப்ப நெனைச்சாலும் அது எனக்கு வலிக்குது. 2014 தேர்தல்ல ரெண்டு பக்கமும் ஓட்டு இறுகிப்போய் இருந்துச்சு, பூத்துல லிஸ்ட் வச்சு உக்காந்தப்போ வரிசைல நிக்கறவங்க மூஞ்சிலயே அது தெரிஞ்சுது. காலனி ஓட்டு யாருக்குன்னு சும்மா வேடிக்கையா கேக்கறவங்களுக்கு இந்தக் கதை தெரியாது. வீடு எரியுமோன்னு பயந்து உக்காந்தவங்களுக்கு ஓட்டுங்கறது மொதல்ல பாதுகாப்பு, மத்ததெல்லாம் அப்புறம்தான்.

ஒரே வீட்ல ஓட்டு பிரியுமா?

பிரியும். ஒரே ஆளோட ஓட்டே பிரியும். 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி பார்லிமென்ட் தேர்தல் நடந்த அதே நாள்ல, அதே பூத்துல, பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் சட்டசபை இடைத்தேர்தலும் நடந்துச்சு, 2017-ல 18 எம்எல்ஏக்களைத் தகுதிநீக்கம் பண்ணாங்கல்ல, அதுல காலியான தொகுதிங்க. டெல்லிக்கு ஒரு மெஷின், சென்னைக்கு ஒரு மெஷின். ரிசல்ட் வந்தப்போ தர்மபுரி எம்பி திமுக, ஆனா அந்த ரெண்டு எம்எல்ஏவும் அதிமுக. ரெண்டு பட்டனுக்கு நடுவுல நாலடி தூரம்தான், அந்த நாலடிக்குள்ள மனசு மாத்திப் போட்டவங்க நெறைய பேரு இருந்திருக்கணும். படிக்காத சனம் சின்னம் மட்டும் பாத்து அமுக்கும்னு சொல்றவங்க இதுக்கு என்ன சொல்வாங்கன்னு தெரியல.

எங்க வீட்லயே சொல்றேன். எங்க அப்பா ஒரு கட்சி, வெளிப்படையா கொடி கட்டற ஆளு. அம்மா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆயா இருந்த வரைக்கும் ஓட்டுப் போட்டுட்டு வந்து வெரலைக் காட்டுவாங்க, யாருக்கும்மா போட்டீங்கன்னு அப்பா கேப்பாரு, "சின்னத்தப் பாத்தேன், அமுக்கினேன், குய்யுனு சத்தம் வந்துச்சு, வந்துட்டேன்"னு சொல்லிட்டு களி கிண்டப் போயிருவாங்க. ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே பதில்தான், ஒரு வார்த்தை மாறாது.

இவ்ளோ பேரு ஓட்டுப் போடறீங்களே, எப்படி?

2024-ல தர்மபுரி தொகுதில 81.20 சதவீதம், தமிழ்நாட்டுலயே அதிகம். மாநில சராசரி 69.72, மத்திய சென்னை 53.96. அந்த வருஷம் மட்டும் இல்ல, 2019-லயும் நாங்கதான் மொத எடம்.

சென்னைல இருக்கறவங்க இதைப் பாத்துட்டு அங்க காசு அதிகம் போலன்னு சொல்றாங்க. அப்படிச் சொல்றவங்க ஒரு தடவை தேர்தலுக்கு மொதநாள் ராத்திரி ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல வந்து நிக்கணும். எங்க ஊர்ல பாதி இளவட்டம் வெளிய இருக்கு, பெங்களூர்ல கட்டட வேலை, பேக்கரி, திருப்பூர்ல பனியன் கம்பெனி, ஓசூர்ல கம்பெனி. மழைய நம்பின மானாவாரிக் காடு, ஒரு போகம் கேவுரு, கொஞ்சம் புளி, மாந்தோப்பு இருந்தா அதுல கொஞ்சம், மீதி வயித்துக்கு ஊரை விட்டுத்தான் போகணும். ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, வயசான அப்பா அம்மா, எல்லாம் ஊர்லயே இருக்கும். 2024-ல எங்களுக்கு ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, பெங்களூருக்கு ஒரு வாரம் கழிச்சு 26. அதனால கர்நாடகாவுல எங்களுக்கு லீவு இல்ல, கூலியை விட்டுட்டுத்தான் வந்தோம். வியாழக்கிழமை ராத்திரி அத்திப்பள்ளில ஏறினப்போ பஸ்ல கால் வைக்க எடமில்ல, என் பக்கத்துல ஒரு அக்கா இடுப்புல ஒரு குழந்தை, கைல சிமெண்ட் ஒட்டின பிளாஸ்டிக் வாளி, அதுக்குள்ள துணி, கிருஷ்ணகிரி வரைக்கும் நின்னுட்டே வந்தாங்க. ரெண்டு நாள் கூலி போச்சேக்கான்னு கேட்டேன், "போனாப் போவுது, லிஸ்ட்ல பேரு இல்லன்னா அப்புறம் நம்ம ஊர்க்காரின்னு எவன் சொல்வான்"னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு இதுதான் 81 சதவீதத்துக்கான காரணம். ஊரை விட்டுப் போனவங்களுக்கு அந்தப் பேரு லிஸ்ட்ல இருக்கறதுதான் இன்னும் இந்த ஊர் ஆளுங்கறதுக்கு அத்தாட்சி, அதை அஞ்சு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வந்து பாத்துட்டுப் போறாங்க.

மலை மேல இன்னும் கஷ்டம். பாலக்கோடு பக்கம் கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாம தேர்தல் மெஷினைக் கழுதை மேல ஏத்திக் கொண்டு போறதை நீங்க போட்டோல பாத்திருப்பீங்க, எல்லா தேர்தலுக்கும் அந்தப் போட்டோ பேப்பர்ல வருது, பாக்கறவங்களுக்கு அது அழகான படம். அந்த மலைல பிரசவ வலி வந்தா டோலி கட்டித் தூக்கிட்டு வரணும், அதுக்குப் போட்டோகிராபர் யாரும் வர்றதில்ல.

ஓட்டு ரகசியம்தான, அப்புறம் ஊர் ஓட்டு எங்க விழுந்துச்சுன்னு எப்படித் தெரியுது?

எல்லாரும் இந்தக் கேள்வியக் கேக்கணும்னு நான் ஆசைப்படறேன், ஆனா யாரும் கேக்கறதில்ல.

நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது, அது உண்மை, மெஷின்ல பேரு பதியாது. ஆனா உங்க பூத் யாருக்குப் போட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எப்படின்னா, காலைல அஞ்சரைக்கு மாதிரி ஓட்டுப் பதிவுல ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசைல நிக்கறவங்களுக்கு டோக்கன் குடுத்து முடிக்கற வரைக்கும் ஏஜென்ட்டுங்க நாங்க உள்ளதான் உக்காந்திருப்போம், லிஸ்ட்ல பேரு பேரா பென்சில்ல டிக் பண்ணிட்டு. முடிஞ்சதும் அதிகாரி 17சி ஃபார்ம்ல இந்த பூத்துல மொத்தம் இத்தனை ஓட்டுப் பதிவாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பார். அப்புறம் கவுண்டிங், எங்களுக்கு செட்டிக்கரை இன்ஜினியரிங் காலேஜ்ல. அங்க ஒரு டேபிள்ல ஒரு பூத் மெஷினைத் திறந்து எந்தச் சின்னத்துக்கு எத்தனைன்னு வாசிப்பாங்க, வலைக்கு அந்தப் பக்கம் நிக்கற ஏஜென்ட் நோட்ல எழுதிக்குவான். அப்புறமா ஃபார்ம் 20-ன்னு பூத் வாரியா அதிகாரப்பூர்வமாவே வெளியிடறாங்க, தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல யாரு வேணா பாக்கலாம்.

பெரிய ஊர்ல இது ஒண்ணும் பண்ணாது. ஒரு பூத்துக்கு 1,500 ஓட்டு வரைக்கும்னு வச்சிருந்தாங்க, சென்னைல அந்த ஆயிரத்து ஐநூறு பேர்ல பக்கத்து ஃபிளாட்காரன் யாருன்னே தெரியாது. எங்க ஊர்ல ஆயிரத்துச் சொச்சம், அத்தனை பேரையும் வீட்டுப் பேரோட தெரியும். 2024 ஜூன் 4 அன்னைக்கு சாயங்காலம் நோட்டுப் பக்கத்தை ஒருத்தன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டான், டீக்கடைல ஒரு பெரியவர் பீடிக் கட்டு அட்டைல கணக்கு போட ஆரம்பிச்சுட்டார். காலனில விழுந்தது இத்தனை, அதை இதுல கழி, மேக்கால கொட்டாய் ஓட்டு மொத்தமே இத்தனைதான், அப்ப நம்மாளு வீட்டு ஓட்டு நாப்பது எங்க போச்சு? அந்த நாப்பதுல நம்ம வீட்டு ஓட்டும் ஒண்ணோன்னு கேட்டுட்டு நிக்கறவங்களுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

இதனால நடந்த ஒண்ணச் சொல்றேன். ஒரு தேர்தல் முடிஞ்சு காலனித் தெருப் பைப்பு உடைஞ்சு மூணு வாரம் சரி பண்ணல. பொம்பளைங்க குடத்தை எடுத்துட்டுப் போய் கேட்டப்போ பொறுப்புல இருந்தவர் சொன்ன பதில், நீங்க யாருக்குப் போட்டீங்களோ அங்க போய்க் கேளுங்க. ஒவ்வொருத்தரும் யாருக்குப் போட்டாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனா பூத் கணக்கு தெரியும், அது போதும் அவருக்கு.

இதுக்கு வழி இல்லாம இல்ல. வாக்குச்சீட்டு காலத்துல பல பூத் சீட்டுங்களை ஒண்ணாக் கலந்து எண்ணறதுக்கு விதியே இருந்துச்சு. மெஷினுக்கும் டோட்டலைசர்னு ஒரு கருவி இருக்கு, பதினாலு பூத் மெஷினை ஒண்ணாச் சேத்து மொத்தத்தை மட்டும் காட்டும். 2008-லயே தேர்தல் கமிஷன் அதைக் கொண்டு வரணும்னு கேட்டுச்சு, 2015-ல சட்ட கமிஷனும் தன்னோட 255-ஆவது அறிக்கைல சொல்லுச்சு. இன்னும் வரல. பூத் வாரியா தெரிஞ்சாத்தான் தப்பு நடந்தா கண்டுபிடிக்க முடியும்னு எதிர்வாதம் இருக்கு, அதுல நியாயமும் இருக்கு, ஆனா குடத்தோட போய் அந்தப் பதிலைக் கேட்டுட்டுத் திரும்பி வந்தவங்களை நான் பாத்திருக்கேன், அதனால நான் டோட்டலைசர் பக்கம். ஊர் பேரும் பூத் நம்பரும் எழுதாததுக்குக் காரணமும் இதுதான்.

காசு வாங்கறதில்லையா?

வாங்கறாங்க. குடுக்கறவங்க குடுக்கறாங்க, எங்க பக்கம் மட்டும் இல்ல. மொதநாள் ராத்திரி கரண்ட் போகும், நாய் குலைக்கும், காலைல யாரு வீட்டுக்கு வந்துச்சு யாரு வீட்டுக்கு வரலன்னு ஒரு மனஸ்தாபம் இருக்கும். ஆனா காசு வந்தா ஓட்டு வந்துரும்னா ரெண்டு பக்கமும் குடுத்த தேர்தல்ல யாரு ஜெயிக்கறது? எங்க தெருவுல ரெண்டு பக்கமும் வாங்கிட்டு மூணாவது ஆளுக்குப் போட்டவங்க இருக்காங்க. காசு வரலன்னா அவமானப்படுத்திட்டாங்கன்னு கோவப்படுவாங்க, அந்தக் கோவம்தான் ஓட்டை மாத்தும். வாங்கறதைச் சரின்னு நான் சொல்லல. ஏஜென்ட்டா உக்காந்திருந்த ரெண்டு தடவையும் மொதநாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டாங்க, போகல, அதுக்கு ஊர்ல என்னைப் பொழைக்கத் தெரியாதவன்னு சொன்னாங்க.

பொம்பளைங்க வீட்டு ஆம்பளை சொல்றதுக்குத்தான போடுவாங்க?

முன்னாடி அப்படி இருந்திருக்கலாம். மகளிர் சுயஉதவிக்குழு தமிழ்நாட்டுல மொதல்ல ஆரம்பிச்சதே எங்க மாவட்டத்துலதான், 1989-ல, ஐஃபாட்னு சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவில. முப்பத்தஞ்சு வருஷமா வாரா வாரம் கூட்டம் போட்டு, கடன் யாருக்கு, யாரு கட்டல, பேங்க்ல யாரு போய்க் கேக்கறதுன்னு அவங்களே பேசி முடிவெடுத்துப் பழகிட்டாங்க. 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல, 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் ஆயிரம் ரூபா உரிமைத்தொகை, அதுக்கு முன்னாடி அம்மா ஆட்சில மிக்ஸி கிரைண்டர். இதெல்லாம் நேரா அவங்க கைக்கு வந்தது, வீட்டு ஆம்பளை கைக்கு வரல. யாரு குடுத்தாங்க, யாருக்கு வரலங்கற கணக்கு அவங்ககிட்ட இருக்கு. உரிமைத்தொகை வராதவங்களோட கோவம் வந்தவங்களோட சந்தோஷத்தை விடப் பெருசு, ஒரே தெருவுல ஒரு வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்கு வராதப்போ அதை யாராலயும் சமாதானம் பண்ண முடியல.

உங்க ஊர்ல எது பெரிய பிரச்சனை, எதைப் பாத்து ஓட்டு மாறும்?

தண்ணி. எங்க ஊர் ஆளுங்க சிரிச்சா பல்லைப் பாருங்க, என் வயசு ஆளுங்க நெறைய பேருக்குப் பல்லுல பழுப்புக் கோடு இருக்கும். போர் தண்ணில ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு, இங்க பல எடத்துல அதைத் தாண்டி இருந்துச்சு. பெரியவங்களுக்கு முட்டி மடங்காது, முதுகு நிமிராது. பொண்ணு பாக்க வந்தவங்க பல்லைப் பாத்துட்டுப் போன கதை எங்க சித்தி வீட்லயே இருக்கு.

அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். ஜப்பான் ஜைகா கடன்ல, 2008-ல திமுக ஆட்சில அடிக்கல் நாட்டி, கர்நாடகாவுல எதிர்ப்பு கிளம்பி, 2013 மே மாசம் ஜெயலலிதா தொடங்கி வச்சாங்க, தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும். நாங்க கொண்டு வந்தோம்னு ரெண்டு கட்சியும் சொல்லும், ரெண்டு பேருக்கும் அதுல பங்கு இருக்கு, பைப்புல தண்ணி வர்ற நாள் எல்லாம் ரெண்டு பேரும் நல்லவங்க. நாலு நாள் வரலன்னா அப்ப யாரு ஆட்சில இருக்காங்களோ அவங்க பாடு.

இதோட இன்னும் ரெண்டு இருக்கு. காவிரில வெள்ளம் போறப்போ உபரி நீரை எங்க ஏரிங்களுக்குத் திருப்பி விடுங்கன்னு வருஷக்கணக்கா கேக்கறோம், பாமக அதை வச்சு 2024-ல கடையடைப்புகூட நடத்துச்சு. ஒகேனக்கல்ல ஆறு பொங்கிப் போறதை டிவில பாத்துக்கிட்டே காஞ்ச ஏரில கிரிக்கெட் ஆடற பசங்க எங்க ஊர்ல இருக்காங்க. இன்னொண்ணு தர்மபுரி மொரப்பூர் ரயில் பாதை, 2019 மார்ச்ல அடிக்கல் நாட்டினாங்க, தேர்தலுக்குத் தேர்தல் நோட்டீஸ்ல வருது, இன்னும் ரயில் ஓடல.

பஞ்சாயத்து தேர்தலும் இதே மாதிரிதானா?

சுத்தமா வேற. வார்டு மெம்பருக்கும் பஞ்சாயத்து தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோன்னு சுயேச்சைச் சின்னம்தான். ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சிச் சின்னம் உண்டு. 2019 டிசம்பர்ல நடந்தப்போ மெஷின் இல்ல, வாக்குச்சீட்டு, ஆளுக்கு நாலு சீட்டு, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எங்க ஊர்ல அதுல ஒரே கட்சி ஆளுங்களே ஒருத்தரை ஒருத்தர் எதுத்து நின்னாங்க, பங்காளிக்குள்ள பேச்சு நின்னு போச்சு, ஒரு கல்யாணத்துல ரெண்டு பந்தல் போட்டாங்க. எம்எல்ஏ தேர்தல்ல தோத்தா மறந்துருவாங்க, பஞ்சாயத்துல தோத்தது பேரன் காலம் வரைக்கும் நிக்கும். 2025 ஜனவரில அந்தப் பதவிக் காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போச்சு.

மாவட்டம் முழுக்க இப்படித்தானா? கிருஷ்ணகிரி பக்கம்?

ஒவ்வொரு பக்கமும் ஒரு கதை. அரூர் பக்கம் வாச்சாத்தி, 1992 ஜூன்ல அந்த மலைவாழ் சனத்துக்கு வனத்துறையும் போலீசும் பண்ண கொடுமை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 2011-ல 269 பேர் மேல வந்த தீர்ப்பை 2023-ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அந்த வழக்குக்கு மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்க கூடவே நின்னாங்க. 2006-லயும் 2011-லயும் அரூர்ல ஜெயிச்சது மார்க்சிஸ்ட் டில்லிபாபு, ஒரு தடவை திமுக அணி, ஒரு தடவை அதிமுக அணி. கூட்டணியால ஜெயிச்சாருன்னு சொல்லலாம், ஆனா அணி மாறியும் ஆளு மாறலங்கறதையும் பாக்கணும்.

கிருஷ்ணகிரி 2004-ல தர்மபுரில இருந்து பிரிஞ்ச மாவட்டம். தளில தெலுங்கும் கன்னடமும் பேசற ஊருங்க நெறைய, அங்க சிபிஐ தனிச்சுத் தெரியும். பர்கூர்தான் 1991-ல ஜெயலலிதாவை முதலமைச்சராக்கி அனுப்புச்சு, அதே பர்கூர்தான் 1996-ல முதலமைச்சரா இருந்தவங்களைத் திமுக சுகவனத்துக்கிட்ட தோக்கடிச்சுது. 2021-ல மாநிலம் பூரா திமுக அலை அடிச்சப்போ தர்மபுரி மாவட்டத்துல அஞ்சு எடமும் அதிமுக அணிக்கே போச்சு, மூணு அதிமுக, ரெண்டு பாமக. மூணு வருஷத்துல அதே சனம் திமுக எம்பிய அனுப்புது.

இளவட்டம் எந்தப் பக்கம்?

போன் பக்கம். அப்பா கட்சிக் கொடி வீட்டு மேல பறக்கும், பையன் போன்ல சீமான் பேச்சு ஓடும், இன்னொருத்தன் விஜய் கட்சிம்பான். பெங்களூர்ல நாலு ஊர்ப் பசங்களோட ஒரே ரூம்ல தங்கி வேலை செய்யறவனுக்கு ஊர்க் கட்டுப்பாடு பாதி கழண்டுருது, அவன் லீவுக்கு வந்து பேசறதைக் கேட்டு ஊர்ல இருக்கறவங்களும் கொஞ்சம் மாறறாங்க. இதுல எவ்ளோ ஓட்டா மாறும்ங்கறதை இப்பவே சொல்ல நான் ஜோசியக்காரன் இல்ல.

உங்க பக்கம் வந்து தேர்தல் பத்தி எழுதணும், சனங்ககிட்ட எப்படிக் கேக்கறது?

காரை ஊருக்கு வெளிய நிறுத்திட்டு நடந்து வாங்க. காலைல பத்து மணிக்கு வந்தா வேலைக்குப் போகாத ஆம்பளைங்க மட்டும்தான் இருப்பாங்க, அவங்க சொல்றது மட்டும் ஊர் பேச்சு இல்ல, சாயங்காலம் பால் ஊத்தற நேரத்துக்கு சொசைட்டிகிட்ட வாங்க, எல்லாத் தெருவும் அங்க வரும். மைக்கை நீட்டி யாருக்கு உங்க ஓட்டுன்னு கேக்காதீங்க, பக்கத்துல யாரு நிக்கறாங்களோ அவங்களுக்குப் பிடிச்ச பதில்தான் வரும். காலனிக்குத் தனியாப் போங்க, நடு ஊர் ஆளைக் கூட்டிட்டுப் போகாதீங்க, கூட்டிட்டுப் போனா டீ கிடைக்கும், பேச்சு கிடைக்காது. தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு கேளுங்க, போன எழவுக்கு யாரு வந்தாங்கன்னு கேளுங்க, உரிமைத்தொகை எந்த வீட்டுக்கு வரலன்னு கேளுங்க. எழுதும்போது தெருப் பேரையும் பூத் நம்பரையும் மட்டும் எடுத்துருங்க.